கலசமும் பழைய இரும்பும்

சென்ற தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். வாசற்படியில் நாலு ஜோடிச் செருப்புகள் கிடந்தன. கூடத்தில் நாலு பிள்ளைகள் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இழவு வீடோ என்று ஒரு கணம் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தங்கை சமையலறை வாசலில் நின்று ஜாடை காட்டி என்னை அழைத்தாள்.

"அண்ணா, நீங்களே கேளுங்க இந்த அநியாயத்தை! நம்ம அப்பாவுடைய கிணத்து மோட்டாரை எரிச்சுப் போட்டு வந்து உட்கார்ந்திருக்காங்க. இதுக்குப் பேர் படிப்பாம்!"

நேயர்கள் பதற வேண்டாம். மோட்டாரைக் கொளுத்தியவர்கள் கலகக்காரர்கள் அல்லர். கோயம்புத்தூரில் ஒரு கலாசாலையில் மின்னியல் பிரிவில் நாலாம் வருஷம் வாசிக்கும் மாணாக்கர்கள். அவர்களில் ஒருவன் என் மருமான். அவர்கள் செய்த குற்றம், மோட்டார் எரியாமல் இருப்பதற்கு ஒரு பெட்டி கண்டுபிடித்ததுதான்! பெட்டி பத்திரமாக இருந்தது. மோட்டார்தான் போய்விட்டது.

* * *

பிள்ளையை இஞ்சினீயரிங் கலாசாலைக்கு அனுப்பியிருக்கும் குடும்பங்களுக்கு நான் சொல்லப் போகிற விஷயம் புதிதல்ல. நமது மாகாணத்தில் இத்தகைய கலாசாலைகள் நானூற்றுக்கு மேல் இருக்கின்றன. நாலு வருஷப் படிப்பின் கடைசியில் மூன்று நாலு பேர் ஒரு குழுவாகச் சேர்ந்து, ஓர் ஆசிரியரின் மேற்பார்வையில், தாங்களே ஏதாவது ஒன்றை யோசித்துச் செய்து காட்ட வேண்டும். நடுவில் சில முறை 'ரெவ்யூ' என்று சோதனை நடக்கும். முடிவில் தடித்த அட்டை போட்ட அறிக்கை ஒன்றை ஒப்புவித்து, வெளியிலிருந்து வரும் பரீட்சகர் முன்னால் நின்று வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும். இதற்குத்தான் 'பைனல் இயர் பிராஜக்ட்' என்று பெயர்.

அமெரிக்கர்கள் இதைக் 'கேப்ஸ்டோன்' என்று சொல்லுகிறார்கள். கட்டிடத்தின் உச்சியில் கடைசியாக வைக்கிற கல் என்பது அதன் பொருள். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கோபுரத்தின் மேல் கலசம் என்றால் போதும். ஆயிரம் கல்லை அடுக்கிக் கட்டினாலும் கலசம் ஏறி, கும்பாபிஷேகம் நடந்த பிறகுதானே கோபுரம் முழுமை பெறுகிறது? அது போலவே, நாலு வருஷம் படித்த கணிதமும் பௌதிகமும் யந்திர சாஸ்திரமும் இந்த ஒரு வேலையில் ஒன்று கூட வேண்டும் என்பது ஏற்பாடு. 2014-ம் வருஷம் ஜூன் மாதத்தில் நம் தேசம் 'வாஷிங்டன் உடன்படிக்கை' என்னும் சர்வதேச ஏற்பாட்டில் நிரந்தர அங்கத்தினராயிற்று. அதற்குப் பிறகு, பட்டதாரிக்குச் சுயமாக ஒன்றை வடிவமைக்கத் தெரியுமா என்ற கேள்வி இன்னும் பலமாகவே கேட்கப்படுகிறது.

ஏற்பாடு என்னமோ பேஷானதுதான். ஆனால் கலசத்தைக் கடையில் விற்கத் தொடங்கிவிட்டால் என்ன செய்வது? அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

* * *

முதலில் மோட்டார் எரிந்த கதை. சூலூருக்கு அப்பால் ஒரு கிராமத்தில் என் தகப்பனாருக்கு நாலு ஏக்கர் தென்னையும், எண்ணூறு அடி ஆழத்தில் ஓர் ஆழ்துளைக் கிணறும் உண்டு. கொங்கு நாட்டுக் கிணறுகளின் குணம் எல்லாருக்கும் தெரியும். ஒரு மணி நேரம் தண்ணீர் தரும். பிறகு மூச்சு வாங்கும். தண்ணீர் இறங்கிய பிறகும் மோட்டார் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தால், அதைக் குளிர வைக்க ஆள் இல்லாமல் சூடேறிக் காயில் எரிந்துவிடும். ஆகையால் என் தகப்பனார் எழுபத்தெட்டு வயதிலும் நடு ராத்திரியில் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போவார்.

தாத்தாவின் இந்தக் கஷ்டத்தைப் போக்குவதே தங்கள் 'பிராஜக்ட்' என்று பையன்கள் தீர்மானித்தார்கள். இந்த மாதிரிப் பெட்டிகள் கடையில் இல்லாமல் இல்லை. ஆனால் தாங்களே ஒன்றைக் குறைந்த விலையில் செய்ய வேண்டும். அது டெலிபோனில் தாத்தாவுக்குச் செய்தியும் அனுப்ப வேண்டும் என்பது அவர்கள் மனோரதம்.

யோசனை எளிதானது. தண்ணீரைத் தூக்கும்போது மோட்டார் எட்டு ஆம்பியர் மின்சாரம் இழுத்தது. தண்ணீர் இல்லாதபோது நாலரைக்கு இறங்கியது. ஐந்து என்று நடுவில் ஒரு கோடு போட்டார்கள். அதற்குக் கீழே இறங்கினால் மோட்டாரை நிறுத்திவிடும்படி பெட்டிக்குக் கற்பித்தார்கள். பகலில் பத்துத் தடவை சோதித்தார்கள். பத்துத் தடவையும் பெட்டி சொன்ன பேச்சைக் கேட்டது. "அப்புச்சி, இனி நீங்க நிம்மதியாத் தூங்குங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்கள். அன்றிரவு என் தகப்பனார் பல வருஷங்களுக்குப் பிறகு விடியும் வரையில் தூங்கினார். அன்றிரவேதான் மோட்டார் எரிந்தது.

மோட்டாரைக் குழாயோடு வெளியே தூக்கி, காயில் கட்டி, மறுபடியும் இறக்குவதற்கு 20,000 ரூபாய்க்கு மேல் ஆகும் என்று மெக்கானிக் சொன்னான். காயுங் காலத்தில் பத்து நாள் தண்ணீர் இல்லாத தென்னைக்கு யார் கணக்குச் சொல்லுவது?

* * *

நான் போன அன்று கூடத்தில் நடந்துகொண்டிருந்தது இந்த விசாரணைதான். பரீட்சைக்கு இன்னும் மூன்று மாதமே பாக்கி. நால்வரில் மூவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். ஊரில் ஒரு கடைவீதியில் மாடியேறிப் போனால் தயார் 'பிராஜக்ட்' கிடைக்குமாம். 14,000 ரூபாய் கொடுத்தால், முகத்தைப் பார்த்துக் கதவைத் திறக்கும் ஒரு யந்திரம், அதை ஓட்டும் புரோகிராம், நூறு பக்க அறிக்கை, பரீட்சகர் கேட்கக்கூடிய கேள்விகள், அவற்றுக்கு விடைகள் எல்லாம் ஒரே பையில் வந்துவிடும். தலைக்கு 3,500 ரூபாய்தான்.

"மாமா, பாதிப் பேர் இதைத்தானுங்க செய்யறாங்க" என்றான் ஒரு பையன், தரையைப் பார்த்துக்கொண்டு.

அவனைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவன் தகப்பனார் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார். கடன் வாங்கித்தான் படிக்க வைக்கிறார். இந்த ஒரு பாடத்தில் தவறினால் கையில் இருக்கிற உத்தியோக உத்தரவு போய்விடும். பயந்தவனிடம் போய்த் தர்ம சாஸ்திரம் படிப்பதில் பிரயோஜனம் இல்லை.

ஆனால் என் மருமான் மட்டும் ஒரே பிடிவாதமாக இருந்தான். "பெட்டி ஏன் நிறுத்தலைன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். தெரியாம வேற ஒண்ணைக் கொண்டு போய் வைக்க என்னால முடியாது" என்றான். மற்றவர்கள் அவனோடு அன்று பேசாமலே எழுந்து போய்விட்டார்கள். நாலு வருஷ சிநேகம் வாசற்படியில் முறிந்துவிடும் போலிருந்தது.

அந்தச் சமயத்தில் கிராமத்திலிருந்து என் தகப்பனார் டெலிபோனில் பேசினார். பேரனைத் திட்டப் போகிறார் என்று தங்கை நடுங்கினாள். அவர் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான். "ஏங்கண்ணு, பகல்ல நின்ன பெட்டி ராத்திரி ஏன் நிக்கல? ராத்திரிக்கும் பகலுக்கும் கரண்டுல என்ன வித்தியாசம்?"

பையன் டெலிபோனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான். பள்ளிக்கூடத்தையே அதிகம் பார்த்திராத கிழவர், பரீட்சகர் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டுவிட்டார்!

* * *

தாத்தாவின் மோட்டாரை இன்னொரு தடவை பலி கொடுக்க முடியாது. சோதிப்பதற்கென்று வேறு ஒரு மோட்டார் வேண்டும்; அதுவும் மலிவாக வேண்டும். மறுநாள் காலை மருமானை அழைத்துக்கொண்டு உக்கடத்துக்குப் போனேன்.

உக்கடத்தைத் தெரியாத கோயம்புத்தூர்க்காரர் கிடையாது. பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பாலக்காட்டுக்கும் பஸ் ஏறுகிற இடம். ஒரு பக்கம் நொய்யல் தண்ணீரை வாங்கிக்கொண்டு சுமார் 320 ஏக்கரில் பரந்து கிடக்கும் பெரியகுளம். அதன் நீர்ப்பரப்பில் இப்போது சூரிய ஒளியை மின்சாரமாக்கும் பலகைகள் மிதக்கின்றன. தலைக்கு மேலே 2024-ம் வருஷம் ஆகஸ்டு 9-ந் தேதி திறந்து வைக்கப்பட்ட மேம்பாலம். கீழே மீன் வாசனை, பூ வாசனை, டீசல் வாசனை மூன்றும் கலந்த காற்று. இவற்றினூடே வரிசை வரிசையாகப் பழைய இரும்புக் கடைகள். ஒரு லாரியைப் பிரித்துப் பல்சக்கரம் தனியாக, அச்சு தனியாக, கதவு தனியாகக் குவித்து வைத்திருப்பார்கள். பொறுமையும் கண்ணும் இருந்தால், அங்கிருந்தே இன்னொரு லாரியைச் சேர்த்துக்கொண்டு போகலாம்.

மூன்றாவது கடையில், எங்கோ ஒரு பட்டறை மூடியபோது வந்து சேர்ந்த ஒரு குதிரைச் சக்தி மோட்டார் கிடந்தது. மருமான் அதன் தண்டைக் கையால் சுற்றிப் பார்த்தான். காதை வைத்துக் கேட்டான்.

"எவ்வளவுங்க பாய்?"

"காலேஜ் தம்பியா? ஆயிரத்து ஐந்நூறு கொடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க. ஓடலைன்னா திருப்பிக் கொண்டாங்க. ஆனா ஏன் ஓடலைன்னு எனக்கும் சொல்லணும்" என்றார் கடைக்காரர்.

இரண்டு நாளில் எனக்குக் கிடைத்த இரண்டாவது நல்ல பரீட்சகர் இவர்!

* * *

மோட்டாரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வரும்போது எனக்குக் கலங்கல் கிராமத்து ஜி. டி. நாயுடுவின் ஞாபகம் வந்தது. 1893-ல் பிறந்து 1974-ல் மறைந்த அந்த மனிதர் கலாசாலைப் படியே ஏறியவர் அல்லர். வாலிபத்தில் ஒரு வெள்ளைக்கார உத்தியோகஸ்தர் மோட்டார் சைக்கிளில் போனதைக் கண்டு மயங்கினார். கோயம்புத்தூரில் ஓட்டலில் பரிமாறுகிறவராக வேலை செய்து, கூலியைச் சேர்த்து வைத்து அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கியவர் சவாரியோடு நிற்கவில்லை. வண்டியைத் துண்டு துண்டாகக் கழற்றித் திரும்பப் பூட்டினார். அவருடைய 'பிராஜக்ட்' அதுதான்! 1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவும் அவரும் சேர்ந்து இந்தியாவிலேயே முதன் முதலாகச் சுதேசி மின் மோட்டாரைச் செய்து காட்டினார்கள். இன்று கோவையைச் சுற்றிலும் பம்பு செட்டுத் தொழில் ஆலமரமாகப் படர்ந்திருப்பதற்கு அது ஒரு விதை.

1945-ல் கோயம்புத்தூரில் அப்போதைய சென்னைக் கவர்னரின் பெயரால் ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கலாசாலை ஏற்பட்டபோது, நாயுடு அதற்குத் தலைமை ஆசிரியரானார். நாலு வருஷப் படிப்பு காலத்தை வீணாக்குவது, இரண்டு வருஷம் போதும் என்று வாதாடினார். சர்க்கார் இணங்கவில்லை, அவர் விலகிக்கொண்டார். அந்தக் கலாசாலைதான் இன்று தடாகம் சாலையில் இருக்கும் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி. பின்னர் 1951-ல் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியும், 1956-ல் கோயம்புத்தூர் தொழில்நுட்ப நிலையமும் தோன்றின. நாலா, இரண்டா என்ற வழக்கை இங்கே நான் தீர்க்கப் போவதில்லை. ஆனால் நாலு வருஷத்தில் ஒரு தடவையாவது ஒரு யந்திரத்தைக் கழற்றிப் பூட்டாதவனுக்குப் பட்டம் எதற்கு என்று அவர் ஆவி கேட்டால், பதில் சொல்லக் கஷ்டந்தான்.

நமது வீட்டு ஸ்திரீகள் நாயுடுவை மறந்தாலும், 1955-ல் கோயம்புத்தூரில் பி. சபாபதி செய்த மாவாட்டும் யந்திரத்தை மறக்க மாட்டார்கள். 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' என்று புவிசார் குறியீடே பெற்றுவிட்ட வஸ்து அது. ஆட்டுக்கல்லின் முன் உட்கார்ந்து குழவி சுற்றிய கைகளின் வலியிலிருந்து பிறந்த யந்திரம். நல்ல 'பிராஜக்ட்' எதுவும் யாரோ ஒருவருடைய வலியிலிருந்துதான் பிறக்கிறது. கடையில் தொங்கும் தலைப்புப் பட்டியலிலிருந்து அல்ல.

* * *

பழைய மோட்டார் ஓடியது. அதற்கு ஒரு பெல்ட்டை மாட்டி, பளுவைக் கூட்டவும் குறைக்கவும் வழி செய்தார்கள். கலாசாலைப் பரிசோதனைச் சாலையிலிருந்த கருவியைக் கொண்டு மின் அழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் பார்த்தார்கள். 'செய்தார்கள்' என்று பன்மையில் சொல்லுகிறேன். ஏனெனில், மூன்றாம் நாள் திருப்பூர்ப் பையன் வந்து சேர்ந்தான். மறுநாள் மற்ற இருவரும் வந்தார்கள். மோட்டார் சத்தத்துக்கு அப்படி ஒரு வசியம்!

ஒரு வாரத்தில் குட்டு வெளிப்பட்டது. நடு ராத்திரியில் ஊரெல்லாம் விளக்கணைத்துத் தூங்கும்போது, மின் கம்பியில் அழுத்தம் ஏறிவிடுகிறது. அழுத்தம் ஏறினால், பளு இல்லாமல் வெறுமனே சுற்றும் மோட்டார்கூட அதிக ஆம்பியர் இழுக்கிறது. பகலில் நாலரையாக இருந்தது, ராத்திரியில் ஐந்தரையாகிவிட்டது. இவர்கள் போட்ட கோடு ஐந்து. ஆகவே பெட்டி, "ஆகா, தண்ணீர் வருகிறது!" என்று நினைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டது.

கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அங்குமிங்கும் ஓடுகிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணி, எவ்வளவு வேலை நடக்கிறது என்று சொல்ல முடியுமா? பாதிப் பேர் சும்மாவே ஓடுவார்கள்! மோட்டாரில் ஓடும் மின்சாரமும் அப்படித்தான். ஒரு பகுதி தண்ணீரைத் தூக்குகிறது. இன்னொரு பகுதி காந்தத்தை உண்டாக்குவதற்காகப் போவதும் வருவதுமாக இருக்கிறது. வெறுமனே சுற்றும் மோட்டாரில் இந்த இரண்டாவது கூட்டந்தான் அதிகம். ஆகையால் ஆம்பியரை மட்டும் எண்ணுவதில் பயனில்லை. அழுத்தத்தையும் சேர்த்து அளந்து, வேலைக்குச் செல்லும் மின்சாரம் எவ்வளவு என்று கணக்கிட வேண்டும். அப்படிக் கணக்கிட்டதும், தண்ணீர் உள்ள மோட்டாருக்கும் இல்லாத மோட்டாருக்கும் மூன்று நாலு மடங்கு வித்தியாசம் தெரிந்தது. பகலானாலும் ராத்திரியானாலும் அந்த வித்தியாசம் மறையவில்லை.

இது உலகத்துக்குப் புதிய உண்மையல்ல, புத்தகத்தில் இருப்பதுதான். பையன்கள் இரண்டாம் வருஷத்தில் அதைப் படித்து நல்ல மார்க்கும் வாங்கியிருக்கிறார்கள்! ஆனால் 20,000 ரூபாய் மோட்டார் ஒன்று எரிந்த பிறகுதான் அந்தப் பக்கம் அவர்களுக்குப் புரிந்தது.

* * *

சித்திரையில் பரீட்சை நடந்தது. அதற்கு முன் ஒரு சின்னச் சங்கடம். அறிக்கையில் மோட்டார் எரிந்த கதையை எழுத வேண்டாம், பரீட்சகர் குறைத்து மதிப்பிடுவார் என்று மேற்பார்வை ஆசிரியர் நல்லெண்ணத்துடன் யோசனை சொன்னாராம். நால்வரும் கலந்து பேசி, மூன்றாவது அத்தியாயம் முழுவதையும் அந்த எரிந்த மோட்டாருக்கே ஒதுக்கிவிட்டார்கள். கடைக்குப் போவோம் என்று முதலில் சொன்ன பையன்தான் அந்த அத்தியாயத்தை எழுதினான் என்று கேட்டு எனக்குப் பரம சந்தோஷம்.

முடிவு என்ன? சினிமாக் கதையாக இருந்தால், இவர்களுக்குத் தங்கப் பதக்கமும், விலைக்கு வாங்கியவர்களுக்குத் தண்டனையும் கிடைத்திருக்கும். நடந்தது அப்படியல்ல. இவர்கள் நல்லபடியாகவே தேறினார்கள். ஆனால் முகத்தைப் பார்த்துக் கதவைத் திறக்கும் யந்திரத்தைக் கொண்டு வந்த வேறு ஒரு குழுவுக்கு இவர்களைவிட இரண்டு மூன்று மார்க்கு அதிகம்! அது பளபளவென்று இருந்தது. இவர்களுடைய பெட்டியில் துரு வாசனை அடித்தது. பரீட்சகருக்கு ஒரே நாளில் பல குழுக்களைப் பார்த்து முடிக்க வேண்டிய அவசரம்.

இந்த இரண்டு மூன்று மார்க்கில்தான் விஷயம் முழுவதும் இருக்கிறது. கடைக்காரரை மட்டும் வைது பயனில்லை. வாங்கியதையும் செய்ததையும் பிரித்தறிய நேரமில்லாத பரீட்சை இருக்கும் வரையில், கடை மாடியில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். நான் சாமான் வாங்குவதைக் குற்றம் சொல்லவில்லை. கம்பியையும் சில்லுகளையும் கடையில்தான் வாங்க வேண்டும்; பருப்பையும் புளியையும் நாம் கடையில் வாங்கவில்லையா? ஆனால் ஓட்டலிலிருந்து விருந்தை வரவழைத்துவிட்டு, சமையலில் தேர்ந்தவள் என்று பெண்ணுக்குச் சர்ட்டிபிகேட் வாங்கினால், அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்ட வீட்டாரின் வயிறு அல்லவா பதில் சொல்லும்? இங்கேயோ, நாளைக்கு நாம் ஏறிப் போகிற பாலமும், ஆஸ்பத்திரியில் நம் மூச்சை எண்ணுகிற கருவியும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

நல்ல அறிகுறிகளும் இல்லாமல் இல்லை. 2009-ம் வருஷம் ஏப்ரல் 20-ந் தேதி அண்ணா சர்வகலாசாலையில் உருவான 40 கிலோ எடையுள்ள 'அனுசாட்' என்னும் சின்னஞ்சிறு செயற்கைக் கோளை, நமது ராக்கெட்டு ஆகாயத்தில் கொண்டு போய் விட்டது. அது ஒரு வருஷப் பரீட்சை வேலையல்ல. ஆசிரியர்களும் மாணாக்கர்களும் பல வருஷம் பாடுபட்ட காரியம். எனினும், கலாசாலைச் சுவருக்குள் செய்தது வானத்தில் வேலை செய்யும் என்பதற்கு அது சாட்சி. 2022-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் கீழ் 'நிரல் திருவிழா' என்று ஒன்று நடத்துகிறார்கள். தொழில்களிலும் துறைகளிலும் உள்ள மெய்யான பிரச்னைகளை மாணாக்கர்கள் எடுத்துத் தீர்க்க வேண்டும் என்பது அதன் நோக்கம். மெய்யான பிரச்னை கையில் இருந்தால், பொய்யான தீர்வைக் கொண்டு வருவது கஷ்டம்.

பரீட்சகர்களுக்கு என் பணிவான விண்ணப்பம் ஒன்றே. "என்ன செய்தாய்?" என்று கேட்காதீர்கள், அதற்கு விடை அச்சடித்தே விற்கிறார்கள். "எது எரிந்தது? ஏன் எரிந்தது?" என்று கேளுங்கள். அதற்கு விடை எந்த மாடியிலும் கிடைக்காது.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. நாலாம் வருஷப் பிள்ளையிடம், "உத்தியோகம் ஆயிற்றா?" என்று தினம் கேட்கிறோம். வாரத்துக்கு ஒரு நாளாவது, "என்னப்பா செய்துகொண்டிருக்கிறாய்? எனக்குப் புரியும்படி சொல்லு" என்றும் கேட்போம். புரியும்படி சொல்லுகிறவன் செய்துகொண்டிருக்கிறான். மழுப்புகிறவனுக்கு நம்முடைய உதவி வேண்டியிருக்கிறது. திட்டு அல்ல, உதவி.

என் தகப்பனாரின் மோட்டார் இப்போது காயில் கட்டி மறுபடியும் ஓடுகிறது. புதிய பெட்டியும் மாட்டியாயிற்று. சென்ற மாதம் போயிருந்தபோது, நடு ராத்திரியில் விழித்துப் பார்த்தால் கிழவர் கட்டிலில் இல்லை. டார்ச் லைட் வெளிச்சம் தோட்டத்தில் தெரிந்தது.

"என்னங்கப்பா, பையன் பண்ணின பெட்டி மேல இன்னும் நம்பிக்கை வரலீங்களா?" என்று கேட்டேன்.

"நம்பிக்கை எல்லாம் இருக்குது. அது சரியா நிறுத்துதான்னு பார்த்து எழுதி வைக்கச் சொல்லியிருக்கறான் பேரன்" என்று சொல்லி, மடியிலிருந்து ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். நாற்பத்தொரு இரவுகள், நேரமும் தேதியும், அவர் கையெழுத்தில் வரிசையாக இருந்தன. ஒன்றில்கூடத் தவறு இல்லை.